கதவில் ஒட்டிய துப்பாக்கிப் படம்: அமெரிக்காவில் எங்கே ஏந்தலாம், எங்கே ஏந்தக்கூடாது?

கிளிநொச்சியில் நான் பாடசாலைக்குப் போன காலத்தில் ஏ-9 வீதியால் வெள்ளை நிற வாகனங்கள் போய்வரும். அவற்றின் கதவுகளில் ஒரு படம் ஒட்டப்பட்டிருக்கும். சிவப்பு வட்டத்துக்குள் ஒரு துப்பாக்கி, அதன் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. ஆயுதத்துடன் எவரும் இந்த வாகனத்தில் ஏற முடியாது என்பது அதன் அர்த்தம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அது விளங்கும். 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்களும் பெரும்பாலான சர்வதேச தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறியபோது, அந்த வாகனங்களோடு அந்தப் படமும் எங்கள் வீதிகளை விட்டுப் போனது.

அதே படத்தை நான் மீண்டும் பார்த்தது இவ்வருட நடுப்பகுதியில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு வெளியே. சின்னம்மா வீட்டில் மூன்று கிழமை தங்கியிருந்தேன். அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை, பெற்றோல் நிரப்பு நிலையத்தோடு சேர்ந்த சிறிய கடை ஒன்றை நடத்துகிறான். கண்ணாடிக் கதவில் உள்ளங்கை அளவு ஒட்டுப்படம். இணையத்தில் வாங்கினானாம்.

"அக்கா, இது செல்லாதாம்" என்றான்.

"ஆர் சொன்னது?"

"நேற்று வந்த ஒராள். சேட்டுக்குள்ள துவக்கு வச்சிருக்கிறவர். நல்ல மனுசன்தான், ஒவ்வொரு நாளும் கோப்பி வாங்க வாறவர். படத்தைக் காட்டி, இதை நம்பி இருக்காதை, சட்டத்துக்கு இது வெறும் சோடனை எண்டு சொல்லிப்போட்டுப் போனார்."

அந்த மனிதர் சொன்னது சரி. டெக்சாஸ் தண்டனைச் சட்டக்கோவையில் 30.06 என்றொரு பிரிவு உண்டு. கைத்துப்பாக்கி ஏந்த அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவர், அதை உடைக்குள் மறைத்துக்கொண்டு உங்கள் கடைக்குள் வருவதைத் தடுக்க வேண்டுமானால், சட்டம் எழுதித் தந்திருக்கும் அதே வசனத்தை அப்படியே பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் எழுத வேண்டும். எழுத்தின் நிறம் பின்னணி நிறத்திலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் ஆகக்குறைந்தது ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும். படம் போதாது. துப்பாக்கியை வெளியில் தெரியும்படி இடுப்பில் கட்டிக்கொண்டு வருபவரைத் தடுக்க இன்னொரு பிரிவு, 30.07. அதற்கு வேறு பலகை. 2021 செப்டெம்பர் 1 முதல், 21 வயதை எட்டிய பெரும்பாலானோர் டெக்சாஸில் அனுமதிப்பத்திரமே இல்லாமல் கைத்துப்பாக்கி ஏந்தலாம் என்று சட்டம் மாறியது. அவர்களைத் தடுக்க 30.05 இன் கீழ் மூன்றாவது அறிவித்தல். மூன்றையும் மாட்டினால் அந்தச் சிறிய கடையின் கதவில் கண்ணாடியே மிஞ்சாது.

வாய்மொழியாகவும் சொல்லித் தடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. ஆனால் துப்பாக்கி உடைக்குள் மறைந்திருக்கும்போது யாரைப் பார்த்துச் சொல்வது?

சரியான பலகை இருந்தும் ஒருவர் மறைத்து ஏந்திக்கொண்டு உள்ளே வந்தால் கிடைக்கும் தண்டனை 200 டொலருக்கு மேற்படாத அபராதம். நேரடியாகச் சொன்ன பிறகும் வெளியேற மறுத்தால் மட்டுமே சிறைத்தண்டனை வரை போகும் குற்றமாகிறது. இதை இன்னொரு மாநிலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விடயம் புரியும். நியூயோர்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்துக்குள், அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஒருவர் அதே துப்பாக்கியுடன் நடந்து போனால் அது பாரதூரமான குற்றம். நான்கு ஆண்டுகள் வரை சிறைக்குப் போகலாம்.

துப்பாக்கியும் ஒன்று, அரசியலமைப்பும் ஒன்று. ஓரிடத்தில் அபராதம், இன்னோரிடத்தில் சிறை. இந்த இடைவெளிக்குள்தான் அமெரிக்காவின் துப்பாக்கி அரசியல் இப்போது நடக்கிறது. யார் ஏந்தலாம் என்ற விவாதம் பெருமளவு முடிந்துவிட்டது. எங்கே ஏந்தலாம் என்பதே இன்றைய சண்டை.

இந்தத் திருப்பத்துக்குத் திகதி சொல்லலாம்: 2022 ஜூன் 23. நியூயோர்க் மாநிலத்தில் 1913 முதல் நடைமுறையில் இருந்த ஒரு விதிப்படி, துப்பாக்கியை மறைத்து ஏந்த விரும்புபவர் அதற்கான தகுந்த காரணத்தைக் காட்ட வேண்டும். பொதுவான பயம் காரணமாகாது. தனக்கென்று விசேடமான ஆபத்து இருப்பதாக நிரூபிக்க வேண்டும். புரூயன் என்ற பெயரால் அறியப்படும் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அந்த விதியைத் தூக்கியெறிந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் கிளரன்ஸ் தோமஸ். வீட்டுக்கு வெளியே தற்காப்புக்காகத் துப்பாக்கி ஏந்துவது அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் தந்த உரிமை. அதற்குக் காரணம் கேட்க அரசுக்கு அதிகாரமில்லை என்பது அதன் சாரம். கலிபோர்னியா, நியூ ஜேர்சி, மேரிலாந்து, மசாசூசெட்ஸ், ஹவாய் ஆகிய மாநிலங்களின் இதே வகைச் சட்டங்களும் அதோடு ஆட்டம் கண்டன.

அதே தீர்ப்பு ஒரு சிறிய கதவைத் திறந்தும் வைத்தது. சில இடங்களில் ஆயுதத்தைத் தடுக்கலாம் என்றது. பாடசாலைகள், அரச கட்டடங்கள், சட்டசபைகள், வாக்களிப்பு நிலையங்கள், நீதிமன்றங்கள் என்று உதாரணமும் சொன்னது. அமெரிக்க நீதிமன்றங்கள் இவற்றுக்குச் 'சென்சிட்டிவ்' இடங்கள் என்று பெயர் வைத்திருக்கின்றன. நான் தடை இடங்கள் என்றே எழுதுகிறேன். கூடவே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. சனம் கூடுகிறது, பொலிஸ் காவல் இருக்கிறது என்பதற்காக மன்ஹாட்டன் தீவு முழுவதையும் தடை இடமாக்கிவிட முடியாது என்றார் தோமஸ்.

நியூயோர்க் அந்தக் கதவு வழியாக எவ்வளவு நுழைய முடியுமோ அவ்வளவும் நுழைந்தது. எட்டே நாளில், 2022 ஜூலை 1ஆம் திகதி, புதிய சட்டம் கையெழுத்தாகியது. வைத்தியசாலை, நூலகம், பூங்கா, மிருகக்காட்சிச்சாலை, சிறுவர் விளையாட்டிடம், பஸ், ரயில், வணக்கத்தலம், நாடக அரங்கு, மதுக்கடை, ஆர்ப்பாட்டம் நடக்கும் இடம், டைம்ஸ் சதுக்கம் என்று பட்டியல் நீண்டது. அனுமதிப்பத்திரம் பெற 16 மணித்தியால வகுப்பும் 2 மணித்தியால சுடும் பயிற்சியும் கட்டாயமாகின. அதாவது, அனுமதிப்பத்திரத்தை மறுக்க முடியாது; ஆனால் அதை வைத்துக்கொண்டு நகரத்தில் போகக்கூடிய இடம் மிகக் குறைவு. சுரங்க ரயிலில் ஏற முடியாத நியூயோர்க்வாசி அந்த நகரத்தில் எங்கே போவார்?

டெக்சாஸிலும் சட்டமே நேரடியாகத் தடுக்கும் இடங்கள் இருக்கின்றன. பாடசாலை, வாக்களிப்பு நிலையம், நீதிமன்றம், விமான நிலையத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதி, குதிரைப்பந்தயத் திடல். அருந்துவதற்காக அங்கேயே விற்கும் மதுவிலிருந்து வருமானத்தின் 51 சதவீதமோ அதற்கு மேலோ ஈட்டும் மதுக்கடைகளின் வாசலில் 51% என்று பெரிய சிவப்பு எழுத்தில் பலகை தொங்கும், அங்கும் கூடாது. மரண தண்டனை நிறைவேற்றப்படும் நாளில், நிறைவேற்றப்படும் இடத்திலிருந்து 1000 அடிக்குள்ளும் கூடாது. சட்டத்தை வாசித்துக்கொண்டு போகையில் இந்தக் கடைசி வரியில் நான் சற்று நின்றுவிட்டேன். அரசு ஒருவரைக் கொல்லும் நாளில், அந்தச் சுற்றுவட்டத்தில் வேறு எவரும் ஆயுதத்துடன் நிற்கக்கூடாது.

ஆனால் அதே மாநிலத்தின் தலைநகர் ஒஸ்டினில், மாநில சட்டசபைக் கட்டடத்துக்குள் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் துப்பாக்கியுடன் போகலாம். மற்றவர்கள் உலோகம் கண்டறியும் வாயில் முன் வரிசையில் நிற்கையில், அவர் பத்திரத்தைக் காட்டித் தனிவழியால் விரைவாக உள்ளே போய்விடலாம். துப்பாக்கியே இல்லாத செய்தியாளர்கள் சிலர் வரிசையைத் தவிர்ப்பதற்காகவே இந்த அனுமதிப்பத்திரத்தை எடுத்த கதை அங்கே பிரபலம். கைப்பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, பெயர் பதிந்து வளர்ந்த நான் இதை நம்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆயுதம் இருப்பவரை நிறுத்திச் சோதிப்பதுதான் சோதனைச்சாவடி என்று நினைத்திருந்தேன்.

டெக்சாஸின் அரச பல்கலைக்கழகங்களில் அனுமதிப்பத்திரத்துடன் மறைத்து ஏந்துவதை அனுமதித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 2016 ஓகஸ்ட் 1ஆம் திகதி. ஒஸ்டின் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் சுட்டுப் பலரைக் கொன்றது 1966 ஓகஸ்ட் 1. சரியாக ஐம்பது ஆண்டுகள். தற்செயலோ இல்லையோ, இறந்தவர்களின் உறவுகளுக்கு அந்தத் திகதி எப்படி இருந்திருக்கும் என்பதை ஆண்டு நினைவேந்தல் செய்து பழகிய எங்களால் ஊகிக்க முடியும்.

மத்திய அரசின் விதிகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். விமானத்தில் ஏறும்போது துப்பாக்கியைக் கையில் கொண்டுபோக முடியாது. ரவை நீக்கி, பூட்டிய கெட்டியான பெட்டிக்குள் வைத்து, முன்கூட்டியே அறிவித்து, சரக்குப் பொதியாக அனுப்ப வேண்டும். இருந்தும் 2024இல் மட்டும் விமான நிலையச் சோதனைகளில் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் ஏறத்தாழ 94 சதவீதம் ரவை நிரப்பப்பட்டிருந்தன. பிடிபட்டவர்களில் பலர் சொல்லும் காரணம், பையில் இருந்ததை மறந்துவிட்டேன் என்பது. தபால் நிலையத்துக்குள் கூடாது, அதன் வாகனத் தரிப்பிடத்தில்கூட கூடாது என்பது விதி; ஆனால் 2024 ஜனவரியில் புளோரிடாவில் ஒரு மத்திய நீதிபதி, தபால் ஊழியர் ஒருவருக்கு எதிரான வழக்கில், இந்தத் தடை அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். தேசியப் பூங்காக்களில் 2010 பெப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி ஏந்தலாம், ஆனால் பூங்காவுக்குள் இருக்கும் அரச அலுவலகக் கட்டடத்துக்குள் நுழையக்கூடாது. காட்டில் கரடிக்கு முன் சட்டபூர்வமாக இருக்கும் துப்பாக்கி, வரைபடம் வாங்க அலுவலகத்துக்குள் கால் வைத்ததும் குற்றமாகிறது.

பாடசாலையைச் சுற்றி 1000 அடி, அதாவது ஏறத்தாழ 300 மீற்றர், மத்திய சட்டப்படி தடை வலயம். அந்தப் பாடசாலை இருக்கும் மாநிலம் வழங்கிய அனுமதிப்பத்திரம் இருந்தால் விலக்கு உண்டு. அயல் மாநில அனுமதிப்பத்திரம் போதாது. ஒரு நகரத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு பாடசாலையைச் சுற்றியும் 300 மீற்றர் வட்டம் கீறிப் பாருங்கள். வட்டங்களில் படாமல் நகரத்தைக் கடப்பது கடினம். இன்று 29 மாநிலங்களில் அனுமதிப்பத்திரமே தேவையில்லை. ஆனாலும் பலர் தொடர்ந்து அதைப் பெறுவதற்கு இந்த வட்டங்களும் ஒரு காரணம். பிற மாநிலங்கள் தங்கள் பத்திரத்தை ஏற்கும் என்பது இன்னொன்று. ஒரு மாநிலத்தின் பத்திரத்தை எல்லா மாநிலங்களும் சாரதி அனுமதிப்பத்திரம் போல ஏற்க வேண்டும் என்ற சட்டமூலம் 2017 டிசெம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட் சபையில் நின்றுபோனது. 2025 ஜனவரியில் மீண்டும் முன்வைக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள், சில விதிவிலக்குகளைத் தவிர, துப்பாக்கியை வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை. நண்பருடன் விளையாட்டாக ஏந்திப் படமெடுத்துப் போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

இனி எல்லாவற்றிலும் கடினமான கேள்விக்கு வருகிறேன். கடை, உணவகம், ஹோட்டல் போன்ற, தனியாருக்குச் சொந்தமான, ஆனால் எல்லோரும் வந்துபோகும் இடங்களில் உரிமையாளர் எதுவும் சொல்லாவிட்டால், அந்த மௌனத்துக்கு என்ன பொருள்? டெக்சாஸில் மௌனம் சம்மதம். தடுக்க விரும்புபவர் பலகை மாட்ட வேண்டும். ஹவாய் இதைத் தலைகீழாக்கியது. 2023 ஜூன் 2ஆம் திகதி ஆளுநர் ஜோஷ் கிறீன் கையெழுத்திட்ட சட்டப்படி, உரிமையாளர் வெளிப்படையாக அனுமதி தராவிட்டால் உள்ளே கொண்டுபோகக்கூடாது. அங்கே மௌனம் மறுப்பு. மாவுயி தீவில் அனுமதிப்பத்திரம் பெற்ற மூவரும் ஒரு துப்பாக்கி உரிமை அமைப்பும் வழக்குப் போட்டார்கள். 2024 செப்டெம்பரில் ஒன்பதாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் ஹவாய்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நியூயோர்க்கின் இதே போன்ற விதியை இரண்டாவது சுற்று நீதிமன்றம் ஏற்கவில்லை. இரு நீதிமன்றங்களும் முரண்பட்ட நிலையில், வுல்ஃபோர்ட் எதிர் லோபெஸ் என்ற ஹவாய் வழக்கை விசாரிக்க 2025 ஒக்டோபர் 3ஆம் திகதி உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வழக்கை ஏற்குமாறு ட்ரம்ப் நிர்வாகமும் கேட்டிருந்தது. நான் இதை எழுதும் 2025 டிசெம்பரில் வழக்கு நிலுவையில் இருக்கிறது. அடுத்த கோடையின் தொடக்கத்துக்குள் தீர்ப்பு வரலாம்.

புரூயன் தீர்ப்பு வகுத்த முறைப்படி, இன்றைய தடை ஒன்றைக் காப்பாற்ற அரசு பழைய காலத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது திருத்தம் நிறைவேறிய 1791ஐ அண்டியோ, பதினான்காவது திருத்தம் வந்த 1868ஐ அண்டியோ அதையொத்த சட்டம் இருந்ததா என்று காட்ட வேண்டும். அச்சாக அதே சட்டம் தேவையில்லை, அடிப்படைக் கொள்கை ஒத்துவந்தால் போதும் என்று 2024 ஜூனில் றஹீமி வழக்கில் நீதிமன்றம் சற்றுத் தளர்த்தியது. ஆனாலும் விளைவுகள் விசித்திரமானவை. ஹவாய், கலிபோர்னியா வழக்குகளைச் சேர்த்து விசாரித்த அதே ஒன்பதாவது சுற்று நீதிமன்றம், பூங்காவிலும் நூலகத்திலும் மிருகக்காட்சிச்சாலையிலும் தடுக்கலாம் என்றது. கலிபோர்னியாவின் வைத்தியசாலைத் தடைக்கும் வணக்கத்தலத் தடைக்கும் போதிய வரலாற்று ஆதாரம் இல்லை என்றது. மிருகக்காட்சிச்சாலையில் கூடாது, வைத்தியசாலையில் தடுக்க முடியாது. இதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்ததை மறைக்கவில்லை.

1987 ஒக்டோபரில், தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் ஆயுதத்துடன் நுழைந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது இந்த வாசகர்களுக்குத் தெரியும். 1990இல் அதே வைத்தியசாலையைச் சுற்றிய பகுதி சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பில் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டபோது, அது இரு தரப்பு ஆயுததாரிகளும் ஒப்புக்கொண்டதால் நடந்தது. 2009இல் அறிவிக்கப்பட்ட வலயங்களுக்கு என்ன நடந்தது என்பதும் தெரியும். வைத்தியசாலை ஏன் விசேடமான இடம் என்று எங்களுக்கு 18ஆம் நூற்றாண்டுச் சட்டப்புத்தகத்தில் தேட வேண்டிய அவசியமில்லை. ஆனால் அமெரிக்க நீதிபதியின் கேள்வி அதுவல்ல. அவர் தேடுவது ஏடுகளை.

ஹவாய் அந்த ஏடுகளில் எதைக் கண்டெடுத்தது என்பதில்தான் வழக்கின் மிகச் சங்கடமான பகுதி இருக்கிறது. மேன்முறையீட்டு நீதிமன்றம் குறிப்பாக இரண்டு பழைய சட்டங்களில் தங்கியிருந்தது. ஒன்று 1771இல் நியூ ஜேர்சியில் இயற்றப்பட்டது. பிறர் காணியில் அவருடைய எழுத்துமூல அனுமதியின்றித் துப்பாக்கியுடன் போகக்கூடாது. களவாக வேட்டையாடுவதைத் தடுக்கவே அது வந்தது, கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். மற்றது 1865இல் லூசியானாவில். எவருடைய காணியிலும் தோட்டத்திலும் உரிமையாளரின் சம்மதமின்றித் துப்பாக்கி ஏந்தக்கூடாது என்றது அது. வாசிக்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆண்டைப் பாருங்கள். உள்நாட்டு யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. விடுதலையான கறுப்பின மக்கள் நேற்றுவரை அடிமைகளாக வேலை செய்த அதே தோட்டங்களில், அதே வெள்ளை முதலாளிகளின் காணியில்தான் குடியிருந்தார்கள். தென்மாநிலங்கள் அவர்களைக் கட்டுக்குள் வைக்கக் 'கறுப்புச் சட்டங்கள்' என்று பெயர்பெற்ற விதிகளை அடுக்கடுக்காக நிறைவேற்றிக்கொண்டிருந்த காலம். சொந்தக் காணி ஒரு முழம்கூட இல்லாத ஒருவருக்கு, காணிக்காரனின் சம்மதம் வேண்டும் என்ற சட்டம், ஆயுதமே கூடாது என்ற சட்டம்தான். இன்று துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் ஒரு மாநிலம், தன் சட்டத்தைக் காப்பாற்ற அந்தச் சட்டத்தையே சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. துப்பாக்கி உரிமையாளர்கள் அதை இனவாதச் சட்டம் என்று எதிர்க்கிறார்கள். இரு பக்கமும் தங்கள் வழக்கமான இடத்தில் இல்லை.

ஒரு சட்டத்தின் வசனத்தில் இனத்தின் பெயர் இல்லாமலே அது ஓர் இனத்தின் மேல் விழலாம் என்பதை வலிகாமம் வடக்கிலோ கேப்பாப்பிலவிலோ காணி இழந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பத்திரம் வழங்கும் கை யாருடையது என்பதும் எப்போதும் முக்கியமாக இருந்திருக்கிறது. 1956 ஜனவரியில் அலபாமா மாநிலத்தின் மொன்ற்கோமறி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுக்குக் குண்டு வீசப்பட்டது. துப்பாக்கியை மறைத்து ஏந்த அனுமதி கேட்டு அவர் விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அதைவிடத் தகுந்த காரணம் எவரிடம் இருந்திருக்கும்? 1967 மே மாதத்தில் கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கிகளுடன் கலிபோர்னியா சட்டசபைக் கட்டடத்துக்குள் நடந்து போனார்கள். ரவை நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் வெளிப்படையாக ஏந்துவதைத் தடுக்கும் சட்டம் அதே ஆண்டு நிறைவேறியது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் றேகன்.

அண்மைய கதையும் உண்டு. 2016 ஜூலை 6ஆம் திகதி மினசோட்டா மாநிலத்தில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பின இளைஞரின் காரைப் பொலிஸ் நிறுத்தியது. அவர் பாடசாலை உணவுக்கூடத்தில் வேலை செய்தவர். அனுமதிப்பத்திரம் வைத்திருந்தார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதாகப் பொலிஸ் உத்தியோகத்தரிடம் அமைதியாகச் சொன்னார். சில விநாடிகளில் உத்தியோகத்தர் ஏழு வெடிகள் வைத்தார். காருக்குள் அவருடைய துணைவியும் நான்கு வயதுச் சிறுமியும் இருந்தார்கள். 2017 ஜூனில் உத்தியோகத்தர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். தன் காருக்குள் துப்பாக்கி வைத்திருக்க அவருக்கு சட்டம் இடம் தந்தது. எந்தப் பட்டியலிலும் அந்த இடம் தடை இடமாக இருக்கவில்லை.

தடைப் பலகை உயிர் காக்கிறதா? இரு தரப்பும் தங்களுக்கு வசதியான சம்பவத்தையே எடுத்துப் போடுகின்றன. 2022 ஜூலையில் இந்தியானா மாநிலத்தின் கிறீன்வூட் நகரில் ஓர் அங்காடித் தொகுதிக்குள் புகுந்து மூவரைக் கொன்றவனை, அங்கே நின்ற 22 வயது இளைஞர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். அந்த அங்காடித் தொகுதியின் விதிப்படி ஆயுதம் கொண்டுவரக்கூடாது. விதியை மீறியவரைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 2021 ஜூனில், கொலராடோ மாநிலத்தின் ஆர்வாடா நகரில் பொலிஸ்காரரைக் கொன்ற ஒருவனை அதேபோல வழிப்போக்கர் ஒருவர் சுட்டு வீழ்த்தினார். பின்னர் வந்த பொலிஸ்காரர் கையில் துப்பாக்கியுடன் நின்ற அந்த வழிப்போக்கரைக் கொலையாளி என்று எண்ணிச் சுட்டுக் கொன்றார். முதற் சம்பவத்தைச் சொல்பவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை. இரண்டாவதைச் சொல்பவர்களும் அப்படித்தான்.

2019 ஓகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோ நகரில் வோல்மார்ட் கடையொன்றில் 23 பேர் கொல்லப்பட்ட பிறகு, அந்த நிறுவனம் துப்பாக்கியை வெளியில் தெரியும்படி ஏந்தி வரவேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அனுமதிப்பத்திரத்துடன் மறைத்து ஏந்துபவர்களைத் தடுக்கவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனமே பாதி வழிதான் போனது. தம்பியின் கடை எத்தனை அடி நீளம்?

நான் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவன் உரிய பலகைகளைத் தருவித்தான். 30.06, 30.07 இரண்டும். இரவுச் சாப்பாட்டு மேசையில் இதுதான் கதை. கோப்பி வாங்க வரும் அந்த மனிதரை இழக்க அவனுக்கு மனமில்லை. வீதிக்கு அந்தப் பக்கம் இன்னொரு கடை இருக்கிறது; அங்கே பலகை எதுவும் இல்லை. மௌனம் சம்மதமாக இருக்கும் மாநிலத்தில் வாய் திறப்பவனுக்குத்தான் செலவு. ஹவாயில் அந்தச் செலவு மறுபக்கத்துக் கடைக்காரருக்கு. துப்பாக்கிக்காரர்களை வரவேற்க விரும்பினால் அவர்தான் அதை ஊருக்குச் சொல்லிப் பலகை மாட்ட வேண்டும். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு அரசியலமைப்பு மொழியில் நடந்தாலும், கடைக் கல்லாவில் அது இப்படித்தான் வந்து நிற்கிறது. என்னைக் கேட்டால், ஆயுதத்தைக் கொண்டுவருபவர்தான் கேட்க வேண்டும், கதவுக்காரர் அல்ல. ஆனால் லூசியானாவின் 1865ஐ வாசித்த பிறகு இதை முன்புபோல உரத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சின்னம்மா அதுவரை பேசாமல் இருந்தார். 1995 இடப்பெயர்வில் கைக்குழந்தையாக இருந்த இவனைத் தூக்கிக்கொண்டு கைதடிப் பாலம் கடந்தவர் அவர்.

"வச்சிருக்கிறவன் வச்சிருக்கட்டும். என்ர கண்ணில காட்டாமல் வச்சிருந்தால் போதும்" என்றார்.

அடுத்த நாள் காலையில் தம்பி 30.07 பலகையை மட்டும் மாட்டினான். வெளியில் தெரியும்படி ஏந்தி வருவதற்கே தடை. மறைத்து ஏந்தி வரலாம். அந்தப் பகுதியில் பல கடைகள் இப்படித்தான் செய்திருக்கின்றன. 30.06 பலகை பின்னறையில், குளிர்பானப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடக்கிறது. உச்ச நீதிமன்றம் ஹவாய் வழக்கில் எதைத் தீர்மானித்தாலும் டெக்சாஸ் சட்டம் அதனால் மாறப்போவதில்லை. கோடு போட்ட துப்பாக்கிப் படத்தை அவன் கிழிக்கவில்லை. செல்லாது என்று தெரிந்தும், புதிய பலகைக்குக் கீழே அதை அப்படியே விட்டிருக்கிறான்.